தள்ளிப் போட்ட காப்பு

முருகனுக்கும் நியூசிலாந்துப் பள்ளிக்கூடத்துக்கும் ஆகவே ஆகாது. தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவது. ஒரு வருஷம் ஜனவரியில் வரும், மறு வருஷம் பிப்ரவரிக்கு நழுவிவிடும். என் தங்கை அந்த ஊரில் நர்சு. அவளுக்கு லீவு கிடைத்தால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கும். பிள்ளைக்கு விடுமுறை என்றால் பூசம் அதற்குள் அடங்காது. நடுவில் ஒரு நோய் வந்து உலகத்தையே இழுத்துப் பூட்டியது. இப்படியே ஆறேழு வருஷம் போய்விட்டது.

அவள் எப்போது வந்தால் எனக்கென்ன என்று விட்டுவிட முடியாது. வேண்டுதல் என்னுடையது. தங்கைக்கு ஏழாம் மாதத்திலேயே பெண்பிள்ளை பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. போனில் அவள் அழுகிறாள். நான் கடல் தாண்டி இங்கே ஜெலுத்தோங்கில், என் பிளாட்டுச் சமையலறையில், கையில் கரண்டியோடு நிற்கிறேன். அவ்வளவு தூரத்திலிருந்து நான் என்னத்தைச் செய்வது? அடுப்பை அணைத்துவிட்டு, தண்ணீர்மலை முருகன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். பிள்ளையைப் பிழைக்க வை முருகா, நானும் என் தங்கச்சியும் ஒன்றாகப் பால்குடம் எடுத்து உன் மலைக்கு ஏறி வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். முருகன் அவன் பங்கைச் செய்துவிட்டான். பிள்ளை பிழைத்து, பல் முளைத்து, பல் விழுந்து, வீடியோவில் என்னைப் 'பெரியம்மா' என்று கூப்பிட்டு அதிகாரம் செய்யும் அளவுக்கு வளர்ந்துவிட்டாள். பாக்கி என் பக்கம்தான் நின்றது.

ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் மளிகைக் கடையில் புதுக் காலண்டர் கொடுத்தவுடன், வீட்டுக்குக் கொண்டுவரக்கூடப் பொறுக்காமல், கடை வாசலிலேயே விரித்துப் பூசம் என்றைக்கு என்று பார்ப்பேன். பார்த்துவிட்டுத் தங்கைக்குப் போன் போடுவேன். அவள் பெருமூச்சு விடுவாள். அந்த ஒரு வருஷம் மட்டும் அவள் பெருமூச்சு விடவில்லை. பொங்கலும் பூசமும் ஜனவரியிலேயே, பிள்ளையின் விடுமுறைக்குள் விழுந்திருந்தன. இரண்டு பேரும் போனிலேயே கத்தினோம்.

தங்கையின் வீட்டுக்காரர் வெள்ளைக்காரர். நல்ல மனுஷன், வஞ்சகம் தெரியாதவர், என்னையும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். ஆனால் திருவிழா என்றால் பஸ் மாதிரி நேரத்துக்கு வரும் என்று நினைப்பவர். பொங்கல், பூசம், சீனப் புத்தாண்டு, முடிந்தால் நோன்புப் பெருநாள், எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட ஆசைப்பட்டார். பெருநாளுக்குப் பிறை தெரிய வேண்டும் என்றேன். அது எப்போது தெரியும் என்று முன்கூட்டியே கேட்டுச் சொல்ல முடியுமா என்றார். நான் யாரிடம் போய்க் கேட்பது? சீனப் புத்தாண்டும் அவருக்குக் கிடைக்கவில்லை; அது வருவதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும். மனுஷர் முகம் வாடிப்போனது எனக்கு வீடியோவிலேயே தெரிந்தது.

அந்த வாட்டத்தைப் பார்த்துத்தான் நான் இளகிவிட்டேன். பால்குடம் எடுப்பவர்கள் காப்புக் கட்டிக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். மஞ்சள் கயிறுதான், ஆனால் கட்டிவிட்டால் ஊரைத் தாண்டி ராத் தங்கக்கூடாது. பொங்கலன்று மாலையே கட்டிவிடலாம் என்று இருந்தேன். மாப்பிள்ளையோ, பக்கத்து மாநிலம் கெடாவில் ஒரு தோட்டத்தில் மாட்டுப் பொங்கல் வைக்கிறார்களாம், மாட்டுக்கு மாலையெல்லாம் போடுவார்களாம், தங்கிப் பார்க்கலாமா என்று கேட்டார். சீனப் புத்தாண்டுதான் இல்லை என்று ஆகிவிட்டது, மாட்டையாவது பார்க்கட்டுமே என்று நினைத்தேன். போய்விட்டு வந்து வெள்ளிக்கிழமை காப்புக் கட்டிக்கொள்ளலாம், விரதத்தை மட்டும் இப்போதே தொடங்கிவிடுவோம் என்று நானேதான் சொன்னேன். தங்கையும் சரி என்றாள்.

இதற்கிடையில் பெரியப்பா பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். அப்பாவின் அண்ணன். பாலிக் புலாவில் ஜாதிக்காய்த் தோட்டத்துக்குப் பக்கத்தில் தனியாக இருந்தவருக்கு நுரையீரலில் தண்ணீர் கோத்து, மூச்சுக்கு மூக்கில் குழாய் மாட்டி வைத்திருந்தார்கள். வேலை முடிந்து தினமும் போவேன். கஞ்சி இரண்டு கரண்டி குடிப்பார், மீதியை என்னைக் குடிக்கச் சொல்வார். வாய் மட்டும் ஓயாது. பக்கத்துக் கட்டில் சீனக் கிழவர் குறட்டை விடுவதைப் பற்றி நர்சிடம் புகார் சொல்வார். பூசம் என்றைக்கு என்று தினமும் கேட்பார். வீட்டில் சாவு விழுந்தால் பங்காளிகளுக்கெல்லாம் தீட்டு, பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை கோயில் வாசலை மிதிக்க முடியாது என்பது அவருக்குத் தெரியாததா?

ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "பயப்படாத லா. பூசம் முடியிற வரைக்கும் நான் கெடுத்துட மாட்டேன்."

என்ன பேச்சு பேசுகிறீர்கள் என்று கோபித்துக்கொண்டேன். ஆனால் பொய் சொல்வானேன், எனக்கும் உள்ளே அதே பயம்தான். ஒரு மனுஷன் மூச்சுக்குத் திணறுகிறான். நான் பக்கத்தில் உட்கார்ந்து காலண்டரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். நினைக்காதே என்றால் மனசு கேட்கிறதா?

தங்கை வந்து இறங்கினாள். ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்து அவர் கண்ணை உருட்ட, அவள் பதிலுக்கு உருட்டினாள். பொங்கல் பொங்கியது. கெடாவுக்குப் போனோம், மாட்டுக்கு மாலை போட்டார்கள், மாப்பிள்ளை மாட்டைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டார். திரும்பி வந்தோம். வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, இரண்டு மஞ்சள் கயிற்றையும் தட்டில் எடுத்து வைக்கிறேன், போன் அடித்தது. பெரியப்பா விடியற்காலையிலேயே போய்விட்டார். பாவம், அவரும் எவ்வளவுதான் இழுத்துப் பிடிப்பார்.

உட்கார்ந்து அழுதேன். பெரியப்பாவுக்காகத்தான் அழுதேன், பூசத்துக்காகவும் அழுதேன். எது எதற்கு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சிம்பாங் அம்பாட்டிலிருந்து அத்தை வந்து சேர்ந்தார். அப்பாவின் தங்கை, எங்கள் குடும்பத்தில் சட்டம் பேசுபவர் அவர்தான். பாலிக் புலாவில் அண்ணனைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டு அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்த கையோடு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தங்கை இங்கே வர வேண்டாம், பெரியப்பா முகத்தைப் பார்க்க வேண்டாம், உன் வீட்டிலும் இருக்க வேண்டாம், உடனே ஹோட்டலுக்கு மாறச் சொல் என்றார். "அவளுக்குத் தீட்டு இல்ல. கட்டிக் குடுத்த பொண்ணு, வேற வீட்டுக்காரி. உனக்குத்தான்."

எனக்கு வந்ததே கோபம். தங்கையின் கல்யாணத்துக்கு வராதவர் இந்த அத்தை. வெள்ளைக்காரனுக்கு ஏது குலம், ஏது கோத்திரம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர். யாரும் அவளைக் கட்டிக் கொடுக்கவில்லை. ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டு அவளே கட்டிக்கொண்டாள். இன்றைக்கு அந்த வெள்ளைக்காரன் வீடு அவளுக்குக் குலமாகிவிட்டது. கல்யாணம் ஆகாத எனக்கு, அப்பா வீட்டுத் தீட்டு முழுசும். வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன். அண்ணனைப் பறிகொடுத்து உட்கார்ந்திருப்பவரிடம் என்ன வழக்குப் பேசுவது? வேண்டுதலே என்னுடையது அத்தை, ஒன்றாக ஏறுகிறோம் என்று சொல்லியிருக்கிறேன் என்று மட்டும் கெஞ்சினேன். ஒன்றாக என்று யார் உன்னைச் சொல்லச் சொன்னது என்று கேட்டார். 

அப்படியும் மனசு ஆறாமல், பெரியப்பாவை எடுத்த பிறகு, தெரிந்த குருக்கள் ஒருவருக்குப் போன் போட்டேன். பொறுமையாகக் கேட்டார். "காப்புக் கட்டியாச்சாம்மா? கட்டியிருந்தா தீட்டு அண்டாது." இன்னும் கட்டவில்லை சாமி, இன்றைக்குத்தான் கட்ட இருந்தோம் என்றேன். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், முருகன் எங்கே போகப்போகிறான் என்றார். முருகன் எங்கேயும் போகமாட்டான். தங்கைதான் போய்விடுவாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அது இதுதான். ஒரு மாட்டுக்கு மாலை போடுவதைப் பார்க்கப் போனதற்கு இவ்வளவு தண்டனையா?

மாப்பிள்ளைக்கு விஷயம் தெரிந்ததும் துடித்துப்போனார். தன்னால்தானா என்று தங்கையிடம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். இல்லை என்று சொல்லச் சொன்னேன். வேறு என்ன சொல்ல?

தங்கை ஹோட்டலிலிருந்து போனில் அழுதாள். "நீ இல்லாம நான் மட்டும் என்னத்த எடுக்கிறது, அக்கா? அடுத்த வருஷம் வரேன். ஒண்ணாவே எடுப்போம்."

அடுத்த வருஷப் பூசம் பிப்ரவரியில் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்கு அடுத்ததும் அப்படித்தான். நீ எடு, பாதிக் கடனாவது தீரட்டும் என்று திட்டிச் சம்மதிக்க வைத்தேன். அவள் விரதச் சாப்பாட்டை நான் சமைத்துக் கொடுக்க முடியாது, தீட்டுக் கை. முன்பின் தெரியாத கடைச் சாப்பாட்டைச் சாப்பிட்டு அவள் விரதம் இருந்தாள். நான் வாங்கி வைத்திருந்த குடத்தைக்கூடத் தொட்டுக் கொடுக்கக்கூடாது என்று, புதுசாக ஒன்று வாங்கிக்கொண்டாள்.

பூசத்தன்று வீட்டில் இருக்க முடியவில்லை. கோயிலுக்குத்தானே போகக்கூடாது, ரோடு எல்லாருக்கும் பொதுதானே என்று கிளம்பிவிட்டேன். ஊருக்குள் இருக்கும் ஒரு சின்னக் கோயிலிலிருந்து குடம் எடுத்துவருவாள் என்பது தெரியும். தண்ணீர்மலை ரோட்டுக்குத் திரும்பும் இடத்தில், தண்ணீர்ப் பந்தல்களுக்கு முன்னாலேயே, எதிர்ச்சாரியில் பூட்டிக்கிடந்த ஒரு கடையை ஒட்டி நின்றேன். யார் மேலும் பட்டுவிடக்கூடாதே என்று முந்தானையை இழுத்துச் சுற்றிக்கொண்டேன். பந்தலில் பாட்டுப் போட்டுக் காதைப் பிளந்தார்கள். காவடிகள் போயின. மஞ்சள் சேலைகளாக வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு மஞ்சள் சேலையும் அவளாகவே தெரிந்தது.

அவள் வந்தாள். தலையில் குடம். கண் நேரே முன்னால். பக்கத்தில் மாப்பிள்ளை, வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி; மறு கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை, நான் தைத்துக் கொடுத்த மஞ்சள் பாவாடையில்.  பிழைப்பாளா மாட்டாளா என்று இருந்த உயிர், வெறுங்காலில் தார் ரோட்டில் நடந்து வருகிறது. முருகா, பார்த்துக்கொள், வந்துவிட்டாள் என்றேன். அங்கே நின்றபடியே கையைக்கூடக் கூப்பினேன்.

பிள்ளை என்னைப் பார்த்துவிட்டாள். "பெரியம்மா!" என்று கத்திக்கொண்டு, அப்பா கையை உதறிவிட்டு, ரோட்டைத் தாண்டி நேரே என்னிடம் ஓடி வந்தாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தாள்.

நான் பின்னால் நகர்ந்தேன். முதுகு கடைக் கதவில் இடித்தது. அதற்கு மேல் போக இடமில்லை. "தொடாதே! அங்கேயே நில்லு!" என்று கத்தினேன். அந்தப் பாட்டுச் சத்தத்தில் மெதுவாகச் சொன்னால் கேட்குமா? அவளுக்குத் தமிழ் அதிகம் தெரியாது. ஆனால் 'தொடாதே' தெரியும். என் சமையலறையில் சூடான சட்டியிடம் போகும்போதெல்லாம் நான் சொல்லிப் பழகிய வார்த்தை. அப்படியே நின்றுவிட்டாள். விரித்த கையை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை ஓடி வந்து தூக்கிக்கொண்டு போனார். அவர் தோளுக்கு மேலே அந்த முகம் என்னையே பார்த்துக்கொண்டு போனது. தலையில் குடத்தோடு தங்கை திரும்பிப் பார்க்க முடியாது. கூட்டம் அவர்களைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

பிள்ளைக்கு அவள் அம்மா பிறகு எடுத்துச் சொல்லியிருக்கிறாள். தீட்டு என்பதை அந்த ஊர் இங்கிலீஷில் எப்படிச் சொன்னாளோ.

விமான நிலையத்துக்குப் போனேன். தங்கை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ மன்னிப்புக் கேட்டார். பிள்ளை அவர் காலுக்குப் பின்னால் நின்றாள். வாடி என்றேன். வரவில்லை. அம்மாவைப் பார்த்து இங்கிலீஷில் மெதுவாகக் கேட்டாள், பெரியம்மாவை இப்போது தொடலாமா என்று.

அத்தை கணக்குப்படி இன்னும் கூடாது. தொடலாம், கண்ணு, வா என்று மண்டிபோட்டு உட்கார்ந்து கையை நீட்டினேன். பக்கத்தில் வந்து, ஒரு விரலை மட்டும் என் கைமேல் வைத்துப் பார்த்துவிட்டு, உடனே எடுத்துக்கொண்டாள்.