ஈசாக்கின் அம்மாவுக்குத் தெரியுமா?

பிள்ளைகளே, வேதாகமத்தில் ஈசாக்கின் கதையை வாசிக்கும்போதெல்லாம் எனக்குப் பச்சை விறகின் வாசனை வரும். அதற்கு ஒரு காரணம் உண்டு.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த மே மாத விடுமுறை. புது நன்மை என்கிற முதல் நற்கருணை வாங்கப்போகும் காபி எஸ்டேட் பிள்ளைகளுக்கு ஏற்காட்டிலிருந்து ஒரு சிஸ்டர் வந்து ஞானோபதேசம் சொல்லித் தந்தார். இயேசு பட்ட பாடு புரிய வேண்டுமானால் முதலில் ஈசாக்கைப் படிக்க வேண்டும் என்றார். கடவுள் ஆபிரகாமிடம் அவருடைய மகனையே பலி கேட்கிறார். அப்பா கத்தியும் நெருப்பும் எடுத்துக்கொள்ள, மகன் விறகைச் சுமந்து மலையேறுகிறான். கடைசியில் புதரில் சிக்கிய ஓர் ஆட்டுக்கடா அவனுக்குப் பதிலாகப் பலியாகிறது. அந்தக் கடா வரும்வரை நான் மூச்சு விடவில்லை.

"ஏனுங்க சிஸ்டர், இது அவங்கம்மாவுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டேன்.

சிஸ்டர் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். "அது எழுதலையே கண்ணு," என்றார்.

"தெரிஞ்சிருந்தா வெளக்கமாத்த எடுத்திருப்பாங்க," என்றாள் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் மகள். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

ஜூன் மாதம் ஒருநாள் காலையில் அம்மா எனக்குத் தலைக்கு ஊற்றிவிட்டு, துவைத்த சட்டை போட்டு, முட்டை பொரித்துத் தந்தார். விசேஷ நாள் எதுவும் இல்லை. வாழவந்தி ஊர்ப் பக்கம் கோவில் நோன்பித் திருவிழாவில் வெட்டுவதற்கு முன் கிடாயைக் குளிப்பாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். வெளியே அப்பா சில்வர் ஓக் மரக்கிளைகளைக் கட்டி என் தலையில் ஏற்றினார். அவர் கையில் ஒரு துணி மூட்டை, இடுப்பில் கொடுவாள், சட்டைப் பையில் தீப்பெட்டி. நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் திரும்பி உட்கார்ந்து, நெருப்பே இல்லாத அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

மேட்டில் ஏறும்போது கேட்டேன். "ஏனுங்கப்பா, எங்கீங்க போறோம்?"

"மேல போனாத் தெரியும். நட சாமி."

"வெறகு எதுக்குங்க?"

"குடுக்கோணும்."

"ஆடுங்க?"

அப்பா நின்று திரும்பினார். "ஆடா? கறி திங்க ஆசையாக்கும்? அதெல்லாம் அங்க பாத்துக்குவாங்க, வா."

ஆடு எங்கே என்று கேட்ட மகனிடம், 'கடவுள் பார்த்துக்கொள்வார்' என்று ஆபிரகாமும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனாலும் ஓடவில்லை. ஈசாக்கு ஓடியதாக எழுதவில்லையே.

மேலே போனால் பலிபீடம் இல்லை, ஞானோபதேசம் சொன்ன சிஸ்டரின் ஓடு வேய்ந்த ஹாஸ்டல் இருந்தது. எஸ்டேட் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. பணம் கட்ட முடியாதவர்கள் சமையலுக்கு விறகு கொடுத்துப் பிள்ளைகளைச் சேர்க்கலாம். சமையல்காரம்மா என் தலைச்சுமையை இறக்கினார். மூட்டைக்குள் என் துணிமணிகள்.

"இங்கயே இருந்து படிக்கோணும். சொன்னா அழுவியேன்னு சொல்லல," என்றார் அப்பா.

"அவ்வளவுதானுங்களா?" என்று குதித்தேன். சமாதானம் சொல்லத் தயாராக வந்த அப்பா, கொடுவாளைச் சரிசெய்துகொண்டு காபிச் செடிகளைக் கவாத்து வெட்டும் வேலைக்கு இறங்கிப் போனார். போகும்வரை கையசைத்தேன்.

அடுத்த மாதம் அம்மா பார்க்க வந்தார். எனக்கு அந்தக் கேள்வி பாக்கி இருந்தது.

"ஏனுங்கம்மா, நான் இங்க வாரது உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களா?"

"தெரியும் சாமி. உங்கப்பாவுக்கு மனசே இல்ல. நாந்தான் கொண்டுபோய் உடச் சொன்னேன்."

உடனே சிஸ்டரிடம் ஓடினேன். "சிஸ்டர், அவங்கம்மாவுக்குத் தெரியுமுங்க!"

அவர் இந்த முறை புத்தகத்தைத் தேடவில்லை. வாசல் கேட் பக்கத்தில் நின்றிருந்த அம்மாவைப் பார்த்தார். பார்த்துவிட்டு, என் தலையில் கை வைத்து, "ஆமா கண்ணு, தெரிஞ்சிருக்கும்," என்றார்.

விடை கிடைத்த சந்தோஷத்தில் நான் விளையாடப் போய்விட்டேன். அன்று மேடேறிப் போனது நானும் அப்பாவும் மட்டும்தான் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். நெருப்பில்லாத அடுப்பை ஊதிக்கொண்டே அம்மாவும் கூட ஏறியிருக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது.