சுவிட்சு இல்லாத வீட்டுக்கு ஒரு ஒத்திகை

எங்கள் புது வீட்டின் சுவர்கள் ஆள் உயரத்தைத் தாண்டியிருந்த சமயத்தில் என் கணவர் திருப்பத்தூரில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போய்வந்தார். அவர் புதூர்நாட்டிலிருந்து டவுனுக்கு ஜீப் ஓட்டுகிறவர். எங்கள் மலைப் புளியை வாங்கி விற்கிற வியாபாரி ஒருவர், பழகிய பழக்கத்துக்கு அவருக்கும் பத்திரிகை வைத்திருந்தார்.

அந்த வீட்டு ஹால் ஜன்னலில் ஒரு திரை இருந்ததாம். “திற” என்றால் திறக்குமாம், “மூடு” என்றால் மூடுமாம். இவர் அதன் எதிரில் நின்று திற, மூடு, திற, மூடு என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். கடைசியில் அது பாதியில் சிக்கி நின்றுவிட்டது. வீட்டுக்கார அம்மாள் வந்து, “எல போட்டாச்சுங்க, சாப்பிட வாங்க” என்று மரியாதையாக அவரைத் திரையிடமிருந்து பிரித்துக் கூட்டிப் போயிருக்கிறார்.

வீடு திரும்பியவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னார்: “நம்ம புது வூட்ல சுவிட்சே வோணாம்.”

“அப்ப லைட்ட எப்பிடிப் போடறது?”

“சொன்னா எரியும்.”

“நான் சொன்னா நீங்களே கேக்கறதில்ல. லைட்டு கேக்குமா?”

அவர் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மனசுக்குள் ஒரு திரை திறந்து மூடிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன்.

எலக்ட்ரீஷியன் வந்து நல்ல புத்தி சொல்வார் என்று நம்பியிருந்தேன். ஆலங்காயத்துக்காரர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவரும் என் கணவரும் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து பேசினார்கள். போகும்போது அவர் கண் கலங்கியிருந்தது. “மாட்டுக்கொட்டாய்க்கும் பம்புசெட்டுக்கும் வயரு இழுத்தே என் காலம் போய்டும்னு இருந்தேன் டீச்சர். இப்பிடி ஒரு வூட்டுக்காகத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்” என்றார். நான் உள்ளூர்ப் பள்ளியில் ஆசிரியை. கணக்குப் பரீட்சையில் தேறாத பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்லிப் பழகியவள். அன்றைக்கு எனக்குத் தைரியம் சொல்ல ஆளில்லை.

சுவர் எழும்பி, தளத்துக்கு செண்ட்ரிங் அடித்தாயிற்று. கம்பி கட்டி முடித்த மேஸ்திரி ஒரு கெடு வைத்தார். “திங்கக்கிழம கான்கிரீட்டு. பைப்பு போடறவங்க அதுக்குள்ள போட்டுக்குங்க. அப்பால வந்து இங்க ஒட, அங்க ஒடன்னு நின்னா, நான் எறங்கிப் போய்ட்டே இருப்பேன்.”

என் கணவருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் கை கால் ஓடவில்லை. பேச்சைக் கேட்டுப் பதில் சொல்கிற ஸ்பீக்கர் எந்த மூலையில் இருக்க வேண்டும்? ஆள் வந்தால் தானே எரிகிற விளக்கு எங்கே? யார் எங்கே நின்று பேசுவார்கள், எங்கே உட்கார்ந்து அலுத்துக்கொள்வார்கள் என்று தெரியாமல் எப்படிப் பைப் போடுவது? எலக்ட்ரீஷியனுக்குத்தான் அந்த யோசனை வந்தது.

“ஒரு நாளு வாழ்ந்து பாத்துடலாங்கண்ணா.”

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக்குக் கருவிகளாகப் போனோம். தலைக்கு மேல் செண்ட்ரிங் தகடு, அதைத் தாங்கி ஹால் முழுக்க முட்டுக் கட்டைகள். ஒரு சவுக்குத் தோப்புக்குள் குடித்தனம் வைத்த மாதிரி இருந்தது.

“உனக்குத்தான் நல்லா தமிழ் பேச வரும். நீதான் ஸ்பீக்கரு” என்று என் கணவர் என்னை ஹாலின் மூலையில் ஒரு கவிழ்த்த சிமெண்ட்டுச் சட்டியின் மேல் உட்கார வைத்தார். எலக்ட்ரீஷியன் தானியங்கிக் கதவு. கைகளை விரித்து நிலைப்படிக்கு உட்பக்கம் நின்றுகொண்டார். என் மாமனாரை, சும்மா வேடிக்கை பார்க்க வந்தவரை, வாசல் விளக்காக்கினார்கள்.

“யாருனா வாசப்படிய மிதிச்சா நீ எரியணும் நைனா. கையத் தட்டு. அதான் எரியறது” என்றார் என் கணவர்.

“பகல்ல இன்னாத்துக்குடா எரியணும்?”

“ராத்திரின்னு வெச்சிக்க.”

மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். ராத்திரி ஆயிற்று.

என் கணவர் வெளியே போய்விட்டு, வேலை முடிந்து வருகிறவர் மாதிரி களைப்பாக நடந்து வந்தார். படியை மிதித்தார். மாமனார் தட்டினார். கதவு “கிர்ர்” என்று சொல்லி ஒதுங்கியது.

“ஹால் லைட்டு போடு” என்றார் என்னைப் பார்த்து.

“எந்த லைட்டு? ஹாலுக்கு எத்தன லைட்டு?” என்றேன்.

அவர் கதவைப் பார்த்தார். கதவு அவரைப் பார்த்தது. அதை அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. கதவு அவசரமாக ஏணியில் ஏறி மேலே இன்னொரு பைப்பைச் செருகிவிட்டு வந்து மறுபடியும் கையை விரித்துக்கொண்டது.

“சரி, இன்னிக்கு வெயிலு எப்பிடி கீது?”

“தலைய வெளிய நீட்டிப் பாருங்க.”

“மெஷினு அப்பிடிப் பேசாது டீச்சர். மரியாதையா சொல்லும்” என்றது கதவு.

“தயவுசெய்து தலையை வெளியே நீட்டிப் பார்க்கவும்” என்று சுத்தத் தமிழில் திருத்திச் சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு இப்படியொரு பதவி கிடைத்ததில்லை.

மாமனார் வேலையை மனசார ஏற்றுக்கொண்டிருந்தார். நாய் வந்தது, தட்டினார். கோழி படியேறலாமா என்று யோசித்தது. அதற்கும் பாதித் தட்டுத் தட்டி வைத்தார். இந்தக் கைத்தட்டல் கேட்டு, பூஜை ஏதோ நடக்கிறது என்று நினைத்து ஒருவர் வந்து படியில் கால் வைத்தார். அவர் மாமனாரின் பெரியப்பா மகன், என் கணவருக்குப் பெரியப்பா முறை. இருவர் நிலத்துக்கும் நடுவில் நிற்கிற ஒரு பலாமரத்தால் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. நான் வாக்கப்பட்டு வந்த நாள் முதலாக அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமலே எல்லா விசேஷத்திலும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

மாமனார் கைகளைக் கட்டிக்கொண்டார்.

“நைனா, ஆளு வந்து நிக்குது. எரி” என்றார் என் கணவர்.

“நான் எரிய மாட்டேன்.”

“நீ சென்சாரு நைனா. சென்சாருக்கு யாரு, எவருன்னு தெரியாது.”

“எனக்குத் தெரியும்.”

வந்தவர், “இன்னாடா நடக்குது இங்க?” என்று கேட்டார். கதவு பணிவாக எல்லாவற்றையும் விளக்கியது. அவர் பொறுமையாகக் கேட்டார். படியிலிருந்து காலை எடுத்தார். மறுபடியும் நன்றாக அழுத்தி மிதித்தார். வெளிச்சம் வரவில்லை. இன்னொரு காலாலும் மிதித்துப் பார்த்தார்.

“வூட்டு லைட்டு ரிப்பேரு போலக் கீது” என்று பக்கத்திலிருந்த முட்டுக் கட்டையிடம் சொன்னார்.

“லைட்டு நல்லாத்தான் கீது. மிதிக்கிற காலு சரியில்ல” என்று மாமனார் தன் பக்கத்துக் கட்டையிடம் சொன்னார்.

என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் ஸ்பீக்கர் பேசிவிட்டது.

“வாசல் விளக்கு கோபத்தில் இருக்கிறது. சிறிது நேரம் கழித்து முயற்சிக்கவும்.”

முதலில் மாமனார்தான் சிரித்தார். இருமல் மாதிரி ஆரம்பித்து மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. படியில் நின்றவர் தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். என் கணவர் அந்தச் சந்தில் புகுந்தார். “பெரிப்பா, உள்ள வாங்க. ஃபேனுக்கு ஆளு இல்லாம கெடக்குது.”

பெரியப்பா உள்ளே வந்து, துண்டைத் தலைக்கு மேல் சுழற்ற ஆரம்பித்தார். அது அடிக்கடி முட்டுக் கட்டையில் சுற்றிக்கொண்டது.

“ஸ்பீடு பத்தல” என்றார் மாமனார், இந்தத் தடவை கட்டையிடம் இல்லை, நேராக.

“நீ மொதல்ல எரிடா. அப்பால பேசு.”

மாமனார் ஒரே ஒரு தட்டுத் தட்டினார்.

“மினுக்குன்னுது. வோல்டேஜு இல்ல.”

“உன் காத்துக்கு இவ்ளோதான் வெளிச்சம்.”

மத்தியானச் சோறு ஆறுகிற வரைக்கும் விளக்கும் விசிறியும் சண்டை போட்டன. பலாமரத்தின் பேச்சே எடுக்கவில்லை. அதை அடுத்த காய்ப்பில் எடுத்தார்கள், முகத்துக்கு முகம் பார்த்து, உரக்க. என் மாமனாருக்கு அதில் ரொம்பத் திருப்தி.

திங்கட்கிழமை மேஸ்திரி மேலே ஏறிப் பார்த்தார். ஒத்திகையில் முளைத்த ஒவ்வொரு சந்தேகத்துக்கும் எலக்ட்ரீஷியன் ஒரு பைப் போட்டிருந்தார். “கம்பியவிட பைப்பு ஜாஸ்தியா கீதே. நான் சிமெண்ட்ட எங்கங்க ஊத்தறது?” என்றார். பாதியைப் பிடுங்கிய பிறகுதான் கான்கிரீட் போட்டார்.

தளம் காய்ந்துகொண்டிருந்த நாட்களில் உண்மையான ஸ்பீக்கர் வந்து சேர்ந்தது. தமிழ் தெரியும் என்று அட்டையில் போட்டிருந்தது. தமிழ் தெரிந்திருக்கலாம். எங்கள் ஊரில் அதற்கு நெட் கிடைக்கவில்லை. போன் சிக்னல் ஊருக்கு மேலே ஒரு பாறையில்தான் எடுக்கும். என் கணவரும் எலக்ட்ரீஷியனும் ஸ்பீக்கரையும் ஒரு பவர் பேங்க்கையும் தூக்கிக்கொண்டு பாறைக்குப் போனார்கள். நானும் மாமனாரும் பின்னால் போனோம்.

பெண் குரலில் அது வணக்கம் சொன்னது. மாமனார் உடனே வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

“லைட்டு போடுமா” என்றார் என் கணவர்.

“மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை.”

“வூட்டு லைட்டுமா. கீழ கீது பாரு, அந்த வூடு.”

“மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை.”

“ஏன்டா வந்ததும் வராததுமா வேல வாங்கற?” என்று மாமனார் கடிந்துகொண்டார். பிறகு அதன் பக்கம் குனிந்து, “சாப்ட்டீங்களாம்மா?” என்று கேட்டார். அதற்கும் அது மன்னிப்புத்தான் கேட்டது. “பாவம், நம்ம ஊரு தண்ணி ஒத்துக்கல” என்றார்.

வீட்டைப் பாறைக்குத் தூக்கிப் போக முடியாது என்பதால் எல்லா அறைகளிலும் சாதாரண சுவிட்சு வந்தது. எலக்ட்ரீஷியன் அதைப் பொருத்தும்போது துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தார். ஆறுதலுக்காக வாசலில் மட்டும் ஒரு சென்சார் விளக்கு வைக்க விட்டோம். அதற்கு நெட் வேண்டாம். காற்றில் வேப்பங்கிளை ஆடினாலும் எரிகிறது. “எவன் வந்தாலும் எரியுது, ஒரு வெவஸ்த வோணாமா” என்று மாமனாருக்கு அதன்மேல் வருத்தம்.

ஸ்பீக்கரை என் கணவர் ஜீப்பில் வைத்துவிட்டார். டாஷ்போர்டில் குங்குமப் பொட்டோடு இருக்கிறது. மலை இறங்கும்போது ஒன்றிரண்டு திருப்பங்களில் சிக்னல் வரும், அப்போது மட்டும் பேசும். சந்தைக்குச் சாமை கொண்டுபோகிற ஒரு அம்மாள் போன வாரம், மூட்டை நனையுமோ என்ற கவலையில், ஜீப் கிளம்பியதிலிருந்து ஒவ்வொரு திருப்பத்திலும் அதனிடம் கேட்டுக்கொண்டே வந்தாராம்: “மழ வருமாம்மா? சொல்லேம்மா.” அது வாயைத் திறக்கவில்லை. பாதி மலையில் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் இறங்கி மூட்டைகளுக்குத் தார்ப்பாய் கட்டி, தலையிலிருந்து கால் வரை நனைந்து ஏறி உட்கார்ந்த பிறகு சிக்னல் கிடைக்கிற திருப்பம் வந்தது. அந்த அம்மாள் விடாமல் மறுபடியும் கேட்டிருக்கிறார்.

“இன்று மழைக்கு வாய்ப்பு உள்ளது” என்றது.

ஜீப்பே சிரித்ததாம். என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. “தப்பா ஒண்ணும் சொல்லலியே” என்று அன்று ராத்திரி என்னிடம் அதற்காக வாதாடிக்கொண்டிருந்தார், தலையைத் துவட்டியபடி.