மழைக்கு அரை மணி நேரம்

இன்று காலை வேலைக்குப் போக எடிசன் ஸ்டேஷனில் ரயில் ஏறியதும் லேப்டாப்பைத் திறந்து அயர்லாந்து பயணத் திட்ட ஷீட்டை எடுத்தேன். அடுத்த மாதம் ஆறு நாள், நானும் கணவரும் மட்டும். மலைப்பாதை 9:00 முதல் 11:15 வரை. கடலோரப் பாறைகள் 11:40 முதல் 12:30 வரை. செம்மறியாடுகளோடு போட்டோ எடுக்கக்கூடப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தேன்.

பக்கத்து சீட் பெரியவர் எட்டிப் பார்த்தார். அந்த மலையடிவாரத்தில்தான் பிறந்தாராம். கடைசி வரி வரை பொறுமையாகப் படித்தார்.

"எல்லாம் சரி. மழையை எங்கே போட்டிருக்கிறீர்கள்?"

போடவில்லை என்றேன்.

அங்கே தினமும் மழை வருமாம். எப்போது என்று யாருக்கும் தெரியாதாம். வந்தால் ஏதாவது கல்சுவரோரம் ஒதுங்கி, மலை மறைந்து திரும்பத் தெரிவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதானாம்.

"அதைப் பார்க்கத்தானே போகிறீர்கள்?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு ஆறு நாளுக்கும் ஒரு வரி சேர்த்தேன். மழை, 3:00 முதல் 3:30 வரை.

மாலையில் கணவர் ஷீட்டைப் பார்த்தார். "மூணு மணிக்கு நாம டிரைவ் பண்ணிட்டிருப்போமே. மழைய ரெண்டுக்கு மாத்திடு."

மாற்றிவிட்டேன். போய் வந்தவர்கள் சொல்லுங்கள், அரை மணி நேரம் போதுமா?