குழம்பில் இறங்கிய சத்து

என் மகளுக்கு ஏழாம் மாதம். வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஒமேகா கொழுப்பு அவளுக்குச் சாப்பாட்டில் எவ்வளவு கிடைக்கிறது என்று ஆஸ்பத்திரியில் கணக்கெடுத்தார்கள். அவள் வாய் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

"எங்க வீட்ல வாரம் மூணு நாளு மீனுதான் மேடம்."

உணவு ஆலோசகர், மீன் துண்டு அளவில் ஒரு பிளாஸ்டிக் பொம்மையை மகளிடம் நீட்டினார்.

"இதுல எத்தன துண்டு சாப்பிடுவீங்கம்மா?"

"எனக்குக் குழம்பு மட்டும்தான் மேடம். துண்டு ஆம்பளையாளுகளுக்கு."

சம்பந்தியம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நான் வச்சாலும் எடுத்து எம்மகன் தட்டுல போட்டுருவா. நல்லா வளத்திருக்கீக மதினி."

உண்மைதான். என் வீட்டில் கணவருக்கும் மகனுக்கும் துண்டுகளைப் போட்டுவிட்டு இவளுக்குக் குழம்பை ஊற்றுவேன். கேட்டு அழாத பிள்ளை என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பேன்.

ஆலோசகர் மீன் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டார். "வெறும் குழம்புல இந்தக் கொழுப்பு பெருசா கெடைக்காதும்மா."

மகள் என் பக்கம் திரும்பினாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"சத்தெல்லாம் குழம்புல எறங்கிரும்னு நீதானம்மா சொன்ன?"

பொம்மை மீன் இன்னும் அவள் கையில் இருந்தது.