ஆண்டவருடைய கோழி

எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் கொஞ்ச நாளில் என் கையில் ஒரு சாவி வந்துவிடும். ஓசூரில் ஹாஸ்டல் சாமான் அறைச் சாவி, திருப்பூரில் பனியன் கம்பெனி ஸ்டோர் சாவி, இப்போது கிண்டியில் ஒரு கேன்டீன் ஃபிரீசர் சாவி. ஒன்பதாவதோடு நின்றுவிட்டவளிடம் எதைப் பார்த்துக் கொடுக்கிறார்களோ தெரியாது. ஒரு இடத்திலும் ஒரு சோப்புக் கட்டியைக்கூட நான் எடுத்ததில்லை. ஆனாலும் நாளைக்கு ஸ்டாக் பார்க்க வருகிறார்கள் என்று சொன்னால் போதும், எனக்குப் பயம் வந்துவிடும். சில இடங்களில் அந்த நாளுக்கு முன்பே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போயிருக்கிறேன். கேட்டால் உள்ளதையெல்லாம் சொல்லிவிடுவேனே என்பதுதான் பயம். அந்தப் பயம் எனக்கு முடிச்சூரில் ஒரு கோழியால் வந்தது.

வயலைப் பிளாட் போட்டு விற்றிருந்த இடத்தில் ஒரு மனை. மனைக்காரர் துபாயில் இருந்தார். யாராவது வேலியைப் பிடுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அதன் மூலையில் ஒரு ஷீட் வீடு போட்டு எங்களைக் குறைந்த வாடகைக்கு வைத்திருந்தார். அப்பாவுக்குச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. மழைக்காலத்தில் வேலை இருக்காது. அம்மா தாம்பரத்தில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். தம்பிக்கு அப்போது நான்கு வயதிருக்கும். பிறந்ததிலிருந்தே நெஞ்சில் சளி. அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவனைத் திருப்பிப் போட்டு முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு, தினமும் ஒரு முட்டை கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தார். மற்ற மருந்துகளை இலவசமாகக் கொடுத்தார்கள். முட்டையை மட்டும் நாங்கள் வாங்க வேண்டியிருந்தது. சம்பளம் வந்த வாரம் வாங்குவோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா எங்களைப் பக்கத்துச் சபைக்கு அழைத்துப் போவாள். அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் டீச்சர்களும் பேங்க்காரர்களும். புது ஃபிளாட்டுகளிலிருந்து காரில் வருவார்கள். அப்பா வர மாட்டார். வாரத்தில் ஒருநாள்தான் பெயின்ட்டில் கலக்கிற தின்னர் நாற்றம் இல்லாமல் தூங்க முடிகிறது என்பார். அம்மா அதற்காகத் தனியாக ஜெபம் செய்துகொண்டிருந்தாள்.

அந்த வருஷம் கோடை விடுமுறையில் ஓய்வுநாள் பள்ளி அக்காவுக்கு ஒரு யோசனை தோன்றியது. நம்மிடம் இருப்பதெல்லாம் ஆண்டவருடையது, நாம் அதைப் பார்த்துக்கொள்ளும் உக்கிராணக்காரர்கள் மட்டும்தான் என்று பிரசங்கத்தில் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளுக்கு அது புரிய வேண்டும் என்று ஆளுக்கொரு நாட்டுக்கோழிக் குஞ்சைக் கையில் கொடுத்துவிட்டார் அக்கா.

“இது உங்களோடது இல்ல, ஜீசஸோடது. அறுப்பின் பண்டிகைக்குத் திருப்பிக் கொண்டு வந்து கணக்கு சொல்லணும். சரியா?”

அறுப்பின் பண்டிகை என்றால், சபையார் காய்கறி, வாழைத்தார், கேக், ஆடு, கோழி என்று காணிக்கையாகக் கொண்டுவந்து வைத்து, ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். ஏலப்பணம் கோயிலுக்கு.

ஃபிளாட்டில் இருந்த பிள்ளைகளின் குஞ்சுகள் பால்கனியில் வெயில் தாங்காமல் ஒவ்வொன்றாகச் செத்துப்போயின. எங்களுக்கு மனை முழுக்கப் புல்லும் பூச்சியும். என் குஞ்சு வளர்ந்து, புரட்டாசி வாக்கில் பளபளவென்று பழுப்பு நிறப் பெட்டையாக நின்றது. பின்மனையில் இருந்த பாய் வீட்டுச் சேவல் வேலியைத் தாண்டி வந்துபோனது. பாய் வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டு அம்மாவிடம், “உங்க ஆண்டவர் கோழிக்கு எங்க வீட்டு மாப்பிள்ள. நாம சம்பந்தி ஆயிட்டோம், இனிமே மரியாதையா பேசணும்” என்றார்.

கோழி முட்டையிட ஆரம்பித்ததும் வீட்டில் வழக்கு ஆரம்பித்தது.

“கோழி சாமியோடது, ஒத்துக்கினேன். அதுக்கு நொய் வாங்கிப் போட்டது யாரு? நானு. அப்ப முட்டை யாரோடது?” என்று அப்பா கேட்டார்.

“அடுத்தவங்க மாட்ட மேய்க்கிறோம். அது கன்னு போட்டா, கன்னு நமக்கா?” என்றாள் அம்மா.

“பால் குடுப்பான்ல கொஞ்சம்?”

“குடுத்தா வாங்கிக்கலாம். நாமளா கறக்கக் கூடாது.”

“அவுரு வந்து குடுக்கிற வரிக்கும் புள்ள இருமிகினே இருக்கணுமா? இன்னாமே இது, பேஜாரா கீது.”

அம்மா முட்டைகளை அரிசி டப்பாவில் உமிபோட்டுப் புதைத்து வைத்தாள். கோழி அடைக்கு உட்காரும்போது எல்லாவற்றையும் வைத்து, ஒரு கோழியை வாங்கி ஒரு குடும்பமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. என்னிடமும் சொல்லி வைத்தாள்: “பண்டிகை அன்னிக்கு எது கேட்டாலும் உள்ளதச் சொல்லணும். ஒண்ணயும் மறைக்கக் கூடாது. அது ஆண்டவர்கிட்ட சொல்ற கணக்கு.”

தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் கஞ்சியைக்கூட வாந்தி எடுத்தான். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டு, கண்ணைத் திறந்து, முட்டை வேண்டும் என்றான். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். அப்பாவுக்கு அந்த வாரம் வேலை இல்லை. அவர் சட்டைப் பையையும் பேன்ட் பையையும் தடவிப் பார்த்தார். பிறகு அரிசி டப்பாவைத் திறந்தார். இரண்டு முட்டையை உடைத்து, வெங்காயம்கூட இல்லாமல் உப்பு மட்டும் போட்டு ஊற்றிக் கொடுத்தார். தம்பி சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தட்டில் ஒட்டியிருந்ததை எனக்கு வழித்துக் கொடுத்தார். அவர் வாயில் ஒன்றும் போட்டுக்கொள்ளவில்லை.

சாயங்காலம் அம்மா வந்து டப்பாவைப் பார்த்தாள். சண்டை வரும் என்று நான் பயந்தேன். வரவில்லை. அவள் மறுபடி செருப்பைப் போட்டுக்கொண்டு போய் அண்ணாச்சி கடையில் இரண்டு வெள்ளை முட்டையைக் கடனுக்கு வாங்கி வந்து உமிக்குள் வைத்தாள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாய் வீட்டு அக்கா சிரித்தார்.

“அடியே, கடை முட்டை எங்கயாவது பொரிக்குமா? அதுக்கெல்லாம் அப்பனே கிடையாதுடி.”

“தெரியும்க்கா. பொரிக்கலன்னா போகட்டும். எடுத்தத வெச்சிரணும்.”

அப்பா வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் அரிசி டப்பா பக்கமே போகவில்லை. அடைக்கோழிக்கு மட்டும் தினமும் தண்ணீர் மாற்றி வைத்தார்.

கோழி உட்கார்ந்து எழுந்தபோது அந்த இரண்டு வெள்ளை முட்டைகளைத் தவிர மற்றதெல்லாம் பொரிந்திருந்தது. வீடு முழுக்கக் கீச்சென்று சத்தம். தம்பி குஞ்சுகளுக்குப் பின்னாலேயே தவழாத குறையாக அலைந்தான்.

பண்டிகை அன்று காலையில் அப்பா சவரம் செய்துகொண்டிருந்தார். கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைக் கொடியில் தொங்கவிட்டிருந்தார். “ஏலம் எத்தினி மணிக்கு பாப்பா?” என்று என்னிடம் கேட்டார். ஆராதனை முடிந்ததும் என்றேன். “நீங்க முன்னால போங்க. எனக்கு ஒரு வேலை கீது, முடிச்சிக்கினு வரேன்” என்றார். நான் மேடையில் நிற்பதைப் பார்க்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அம்மா வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவளுடைய ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது.

ஆராதனை முடிந்து சாமியானாவுக்கு வந்தோம். சபைச் செயலாளர் மைக்கைப் பிடித்திருந்தார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், நல்ல மனுஷன், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். ஏலத்துக்கு முன்னால் பிள்ளைகளின் கணக்கு. ஒரு பெண், பூனை தூக்கிப் போய்விட்டது என்று அழுதாள். ஒரு பையன் அன்று காலை கறிக்கடையில் வாங்கிய வெள்ளை பிராய்லர் கோழியோடு வந்து நின்றான்.

“தம்பி, உனக்குக் குடுத்தது கறுப்புக் குஞ்சாச்சே?”

“நல்லா குளிப்பாட்டினோம் சார்.”

கூட்டம் சிரித்து முடிய வெகுநேரம் ஆனது. அதற்குப் பிறகு நான் கூடையைத் திறந்தேன். தாய்க்கோழியும் குஞ்சுகளும். எல்லாரும் கை தட்டினார்கள். ஓய்வுநாள் பள்ளி அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கேட்டுக்குப் பக்கத்தில், அப்போதுதான் வந்து நின்ற அப்பாவை நான் பார்த்தேன். வெள்ளைச் சட்டையில் மரத்தூள் ஒட்டியிருந்தது.

“இதுதான்யா உக்கிராணம்!” என்றார் செயலாளர். “வெச்ச முட்டை எல்லாமே பொரிச்சிதா கண்ணு?”

எது கேட்டாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். மைக்கில் என் குரலைக் கேட்க எனக்கே பெருமையாக இருந்தது.

“ரெண்டு பொரிக்கல சார். அது கடை முட்டை. கோழி போட்ட முட்டையில ரெண்ட எங்கப்பா எடுத்து ஆம்லெட் போட்டுட்டாரு.”

தம்பிக்கு என்று அடுத்த சொல்லைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சாமியானா முழுக்கச் சிரிப்பு. செயலாளரும் அடக்க முடியாமல் சிரித்தார்.

“ஆண்டவர் பங்குலயே கை வெச்சிட்டாரா உங்கப்பா! எங்க இருக்காரு? இன்னிக்கு கோழிப் பக்கம் அவர விட்ராதீங்க ஐயா!”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் நான் கேட்டைக் கை காட்டிவிட்டேன். எல்லாத் தலைகளும் திரும்பின. அப்பாவும் சிரித்தார். அடுத்தவரைப் பற்றிய பேச்சைக் கேட்டுச் சிரிப்பது போலச் சிரித்தார். ஒரு கையால் சட்டைப் பையை அழுத்திப் பிடித்தபடி நின்றார். பிறகு நான் பார்க்கும்போது அங்கே இல்லை.

ஏலம் தொடங்கியது. கோழியும் குஞ்சுகளும் ஒரே லாட். ஒரு பேங்க் ஆபீசரும் ஒரு கான்ட்ராக்டரும் ஆண்டவருக்காக ஒருவரை ஒருவர் ஏற்றிக்கொண்டே போனார்கள். அன்றைக்கே அதிக விலைக்குப் போனது என் கோழிதான். நான் குதித்துக் குதித்துக் கை தட்டினேன். எனக்கு ஒரு டிபன் பாக்ஸ் பரிசு கொடுத்தார்கள். அம்மா கடைசிப் பாயில், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வரும் வழியில், “நான் சரியா சொன்னேனாம்மா?” என்று கேட்டேன்.

“நீ சொன்னதுல பொய் ஒண்ணும் இல்ல” என்றாள்.

நான் ஓசூரில் இருந்தபோது ஒருநாள் ஃபோனில்தான் அம்மா மிச்சத்தைச் சொன்னாள். அன்று அப்பாவின் பையில் இருந்தது மேஸ்திரியிடம் வாங்கிய அட்வான்ஸ். ஏலத்தில் நாமே எடுத்துவிட்டால் கோழி நம்முடையது, அப்புறம் முட்டை யாருடையது என்று யாரும் கேட்க முடியாது, பிள்ளைக்குத் தினமும் ஒன்று கொடுக்கலாம் என்று அவர் மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறார். மேஸ்திரி பிறகு எப்போதோ அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சபைக்கும் அதற்குப் பிறகு வரவில்லை. அம்மா கொஞ்ச நாள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். அந்த அட்வான்ஸைக் கழிக்க அவர் மழையிலும் உள்வேலைக்குப் போனார். முட்டையைச் சம்பளம் வந்த வாரங்களில் மட்டும் வாங்கினோம்.

அன்று நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். சுவரோரம் புதிதாக ஒரு மரக்கூண்டு இருந்தது. வேலை நடந்த கட்டடத்தில் மிஞ்சிய பிளைவுட்டில் அறுத்துச் செய்தது. சின்னக் கதவு, கதவுக்குக் கொக்கி, பூனை கை விடாதபடி முன்பக்கம் கம்பி வலை. மற்ற மூன்று பக்கமும் நீலப் பெயின்ட் அடித்துக் காய்ந்திருந்தது. மேல்பலகை இன்னும் ஈரமாக இருந்தது.

“கோழியதான் குடுத்தாச்சேப்பா. இப்ப போயி கூண்டு செஞ்சிருக்க?” என்று கேட்டுவிட்டு நான் சிரித்தேன். கோழி போன பிறகு அப்பா கூண்டு செய்திருக்கிறாரே என்று எனக்கு நிஜமாகவே வேடிக்கையாக இருந்தது.

“வெளையாடுங்க” என்றார் அப்பா.

சாயங்காலம் வரை விளையாடினோம். தம்பி உள்ளே புகுந்து உட்கார்ந்துகொள்ள, நான் கொக்கியைப் போட்டு வீட்டுக்காரம்மா மாதிரி வாடகை கேட்டேன். அவன் இருமிக்கொண்டே சிரித்தான். இவ்வளவு நல்ல விளையாட்டுச் சாமானைச் செய்து கொண்டுவந்திருக்கும்போது, அம்மா ஏன் அதைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.