கூரை வழியாக வந்தவர்

லிகுர் அத்தானுக்கு, தெர்துல்லுஸ் எழுதுவது.

நீங்கள் நலமென்றால் மகிழ்ச்சி. அடுத்ததாக நானும் நலம் என்று எழுத வேண்டும். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்று அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

நான் எழுதப்போவது நடந்தது. அன்று நான் குடிக்கவில்லை, எனக்குக் காய்ச்சலும் இல்லை. உங்களுக்கு எதையும் வரிசையாகச் சொன்னால்தான் பிடிக்கும். அதனால் யார் யார் இருந்தார்கள், எங்கே இருந்தார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். அத்தனை பேரும் உயிரோடு இருக்கிறார்கள். யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுக் கேளுங்கள்.

அண்ணன் நுமேரியுஸின் ஒன்பதாம் நாள் துக்க விருந்து. எப்போதும்போல மூன்று சாய்வுக் கட்டில்கள், கட்டிலுக்கு மூன்று இடம். வலது கட்டிலில் நம் தெருச் சலவைக்காரர்கள், அண்ணன் தம்பி இருவரும், அவர்களுக்கு அடுத்து ஒப்பியா அண்ணியின் அப்பா. நடுக்கட்டிலில் கால்வுஸ் மாமா. அவருக்குப் பக்கத்தில் கூரை ஓடு விற்கிறவர். உங்கள் கால் வீங்காமல் இருந்திருந்தால் அது உங்கள் இடம். அதற்கு அடுத்த இடம் காலி. அது அண்ணனுக்கு. இடது கட்டிலில் நான், அண்ணி, அண்ணியின் தங்கை. பரிமாறியது நம் வீட்டு அடிமைப் பெண் ஹிலாரா.

எட்டு நாளாக யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை. கப்பல் உடைந்த செய்திதான் வந்ததே தவிர உடம்பு வரவில்லை. வெறும் கல்லறை கட்டினோம். அதன் முன்னால் நின்று மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிட்டோம். ஒரு குறையும் வைக்கவில்லை. அழுகையெல்லாம் தீர்ந்துபோய் அசதி மட்டும் மிஞ்சியிருந்தது. முட்டை, பருப்பு, கோழி, உப்பு, ரொட்டி. மென்று விழுங்குவதே ஒரு வேலையாக இருந்தது. கை தளர்ந்து அவ்வப்போது ஏதாவது கீழே விழும். யாரும் குனிந்து எடுக்கவில்லை. தரையில் விழுந்தது போனவர்களுக்கு உரியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் காலையில் ஹிலாரா அதைக் கூட்டி அடுப்பில் போடுவாள். அவ்வளவுதான்.

கால்வுஸ் மாமா மட்டும் ஏதோ முனகிக்கொண்டிருந்தார். எங்கள் அப்பா தண்ணீருக்குப் பயந்து கிணற்றைக்கூட எட்டிப் பார்க்க மாட்டாராம். அவர் பிள்ளைக்குக் கடல் கேட்டதாம்.

விளக்கேற்றும் நேரம். வெளியே மழை.

தட்... தட்... தட்...

பிறகு குரல்.

“தெர்துல்லு... கதவைத் திற. நனையறேன்.”

அண்ணி எழுந்துவிட்டார். மாமா கையை நீட்டித் தடுத்தார்.

“உக்காரும்மா. அவன் பேரைக் கூப்பிட்டுக் கல்லறையில வெச்சாச்சு. அப்படிப்பட்டவன் உசிரோடவே திரும்பினாலும் வாசல் வழியா வரக் கூடாது. கூரை வழியாத்தான் இறங்கணும்.”

“இந்த மழையில ஓட்டு மேலயா? இன்னொரு தடவை சாகணுமா அவரு?”

“உசிருள்ளவன்னா ஏறுவான். செத்தவன் ஏணி ஏறி எங்கயாவது பாத்திருக்கியா?”

சலவைக்காரர்களில் இளையவன் சிரித்துவிட்டான். எங்களுக்கும் அது சரியான பேச்சாகத்தான் பட்டது. ஒன்பது நாள் களைப்பில் எது சொன்னாலும் சரியாகத்தான் படும். அந்த இளையவனே பின்வாசல் வழியாகப் போய்ச் சுவரில் ஏணியைச் சாத்திவிட்டு வந்தான். அண்ணனேதான், தலையைக் குனிந்தபடி நிற்கிறார் என்றான்.

முற்றத்தில் நின்று எல்லாரும் மேலே பார்த்தோம். கூரைத் திறப்பு வழியாக மழை, முற்றத்து நடுவில் மழைநீர் சேரும் சின்னக் குளத்தில் விழுந்துகொண்டிருந்தது. நேரம் போயிற்று. ஓட்டு வியாபாரி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

“நான் போட்ட ஓடு. பூனை நடந்தாலே கடகடங்கும். ஒண்ணுமே கேக்கலையே...” என்றார்.

விளக்கை யாரோ கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்கள். மறுபடி பார்த்தபோது அண்ணன் குளத்துக்குள் நின்றுகொண்டிருந்தார்.

அவர் இறங்கியதை நான் பார்க்கவில்லை. மற்றவர்களும் பார்க்கவில்லை என்று பிறகு தெரிந்தது. அப்போது ஒவ்வொருவரும் நாம்தான் கண்ணசந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டோம். தண்ணீரில் மழைத்துளி விழுந்த வட்டங்கள் இருந்தன. அவர் கால்களைச் சுற்றி ஒரு வட்டமும் இல்லை.

மாமா விடவில்லை. செத்தவன் என்று எழுதிவைத்தவன் மறுபடி பிறக்க வேண்டும் என்றார். பிறந்த பிள்ளையைப் போலக் குளிப்பாட்டி, துணி சுற்றி, தரையில் கிடத்தச் சொன்னார். பிறந்த பிள்ளையைத் தரையிலிருந்து தூக்கி ஏற்பது அப்பாவின் வேலை; அப்பா இல்லாததால் நான் தூக்கி எடுக்க வேண்டும். ஹிலாரா வெந்நீர் ஊற்றினாள். இடது கையில் மோதிர விரல் பாதியில் நின்றிருந்தது. வெட்டிய இடம் மெழுகைப்போல் வெள்ளையாக இருந்தது. ரத்தமும் இல்லை, பொருக்கும் இல்லை. என்ன ஆயிற்று என்று அண்ணி கேட்டார்.

“கயிறு” என்றார். மோதிரம் எங்கே என்றதற்கு, “கடல்” என்றார்.

தரையில் படுத்தார். நான் குனிந்து அக்குளில் கை கொடுத்தேன். தூக்கத் தயாராவதற்குள் அவர் எழுந்து நின்றிருந்தார். என் கையில் கனம் ஏறவே இல்லை.

காலியாக இருந்த இடத்தில் சாய்ந்துகொண்டார். அதற்குப் பிறகு எங்களுக்கெல்லாம் கொஞ்சம் கிறுக்குப் பிடித்தது என்றே சொல்ல வேண்டும். அண்ணி அழுதுகொண்டே சிரித்தார். உனக்காக அழுது என் கண் வீங்கிப்போச்சு, மருந்துச் செலவைக் கொடுத்துடு என்று சலவைக்காரர்களில் மூத்தவர் கேலி செய்தார். எப்படித் தப்பித்தார் என்று ஆளுக்கு ஆள் கேட்டோம். அண்ணன் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொன்னார்.

“நீந்தினேன்... களைப்பா இருக்கு.”

தட்டில் வைத்த எதையும் அவர் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. ரொட்டியைப் பிய்ப்பார், அது விரலிடுக்கில் நழுவிக் கீழே விழும். முட்டையை எடுப்பார், அதுவும் விழும். விழுந்ததைப் பார்த்துப் புன்னகை செய்வார்.

மறுநாள் காலையில் ஹிலாரா என்னை எழுப்பினாள். கையில் துடைப்பம்.

“ஐயா, கூட்டுறதுக்கு ஒண்ணுமே இல்லையே.”

போய்ப் பார்த்தேன். ரொட்டித் துகள் இல்லை. முட்டை ஓடு இல்லை. கோழி எலும்பு இல்லை. எண்ணெய் சிந்திய இடம்கூடச் சுத்தமாக இருந்தது... நக்கியதுபோல. நம் வீட்டில் நாய் கிடையாது, அத்தான்.

எலி என்றேன். ஹிலாரா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் போனாள்.

அன்றைக்கே மாமா ஆள் கூட்டிப்போய்க் கல்லறைக் கல்லைப் பெயர்த்துப் போட்டார். உயிரோடு இருப்பவனுக்குக் கல்லறை இருக்கக் கூடாது, படையலும் கூடாது. ஒரு வாரம் அண்ணன் இங்கே இருந்தார். ஒவ்வொரு வேளையும் அதே கதை. அவரோடு உட்கார்ந்தால் நம் கையும் தளர்ந்துவிடும். எடுத்தது விழும். நான்கூட இளைத்துப் போனேன். பிறகு அவர் அண்ணியை அழைத்துக்கொண்டு அமேரியா ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் அண்ணியின் பண்ணைக்குப் போய்விட்டார். உங்கள் வீட்டிலிருந்து அது கூப்பிடு தூரம். ஆனால் அவர்கள் உங்களை வந்து பார்க்கவில்லை. சரிதானே?

எழுதிக்கொண்டே ரொட்டி தின்கிறேன், மன்னியுங்கள். காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை. ஒரு துண்டு கீழே விழுந்துவிட்டது. எடுக்கவில்லை.

இன்று மதியம் திலோ வந்தான். அண்ணனின் கூட்டு வியாபாரி, அதே கப்பலில் போனவன். கால் முறிந்து கரையோரத்தில் ஒரு மீனவன் குடிசையில் இத்தனை நாள் படுத்துக் கிடந்தானாம். நானும் கால்வுஸ் மாமாவும் இருந்தோம். அவன் மடியிலிருந்து ஒரு சாம்பல் சாடியை எடுத்து வைத்தான். அதன் மேல் அண்ணனின் முத்திரை மோதிரத்தை வைத்தான்.

கப்பல் உடைந்த மூன்றாம் நாளே அண்ணன் கரை ஒதுங்கிவிட்டாராம். மீனவனை விறகு அடுக்கச் சொல்லித் திலோவே எரித்தானாம். நாங்கள் கல்லறை கட்டுவதற்கு முன்பே.

வேறு யாராவது இருக்கலாம், தண்ணீரில் ஊறிய முகம் அடையாளம் தெரியாது என்று மாமா சொன்னார். திலோ தலையாட்டினான்.

“மோதிரம் வரலை. விரல் வீங்கியிருந்தது. எரிக்கிறதுக்கு முன்னாடி வழக்கப்படி ஒரு விரல் துண்டு மண்ணுக்குக் கொடுக்கணும்ல? அந்த விரலையே வெட்டினேன். இடது கை. பாதியில.”



கயிறு இல்லை, அத்தான். திலோவின் கத்தி.

மாமா மோதிரத்தை என்னிடம் தள்ளிவிட்டுப் பேசினார். குரலில் கேலி இல்லை.

“செத்தவனைப் பிறக்க வெச்சுட்டோம். கல்லறையையும் உடைச்சுட்டோம். அவனுக்குன்னு படையல் இனி எங்க இருக்கு? நம்ம தரையிலதான்.”

சாடியை வைத்து மறுபடி கல்லறை கட்டலாமா, மறுபடி கூப்பிட்டால் வருவாரா என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். மாமா ஒரு வழக்கத்தைத் தெரியவில்லை என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. முதலில் ஒப்பியாவின் வயிற்றுக்குள் இரண்டு வேளை சோறு போகட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றார்.

ஏனென்றால் இன்று காலைதான் பண்ணைப் பக்கத்திலிருந்து ஒரு வண்டிக்காரன் வந்திருந்தான். அண்ணியைப் பார்த்தானாம். எழுந்து நடக்க முடியவில்லையாம். நடுப்பகலில் தூங்குகிறாராம். வாய்க்குக் கொண்டுபோவதெல்லாம் கையிலிருந்து விழுந்துவிடுகிறதாம். வீட்டுத் தரை மட்டும் பளபளவென்று இருக்கிறதாம்.

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அண்ணிக்கு எழுதினால் அண்ணன்தான் பிரிப்பார்.

அண்ணியை எப்படியாவது உங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுங்கள். அக்கா கையால் ஊட்டட்டும். அந்த வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய்கூடச் சாப்பிடாதீர்கள். அவரைத் தாண்டி அண்ணியை எப்படி வெளியே கொண்டுவருவீர்கள் என்றுதான் எனக்கு யோசனையே ஓடவில்லை. இதைப்பற்றி மாமாவோடு பேசி...

சற்று நிறுத்திவிட்டேன்.

விழுந்த ரொட்டித் துண்டு தரையில் இல்லை.

எலி என்று சொல்லிக்கொண்டேன். இன்னொரு துண்டைக் கிள்ளிப் போட்டேன். விளக்குத் திரியைத் தூண்டினேன். குனிந்து பார்த்தேன்.

இல்லை.

மேசைக்கு அடியில் ஈரக் கம்பளி வாசம் அடிக்கிறது. வெளியே மழை இல்லை.

மோதிரம் என் கையில் இருப்பதால் வந்தாரா... சாடி இங்கே இருப்பதால் வந்தாரா... எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. இங்கே இருக்கிறார் என்றால், அங்கே இல்லை.

உடனே கிளம்புங்கள், அத்தான். கதவைத் தட்ட வேண்டாம். நேராக உள்ளே போய் அண்ணியைத் தூக்கி வாருங்கள். இந்தக் கடிதம் உங்களிடம் சேர்ந்து நீங்கள் பண்ணைக்குப் போக நாளை விடிந்துவிடும். அதுவரை நான் இந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டேன். இரண்டு ரொட்டி இருக்கிறது. சட்டியில் பருப்பு இருக்கிறது. சின்னச் சின்னதாகக் கிள்ளிப் போடுகிறேன்.

களைப்பாகத்தான் இருக்கிறது.

ஹிலாரா நூலும் மெழுகும் கொண்டுவந்துவிட்டாள். கீழே பார்க்காதே என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் நம்புவதற்காக அண்ணனின் மோதிரத்தாலேயே முத்திரை வைக்கிறேன். குதிரைக்காரன் வாசலில் நிற்கிறான். அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஒரு கை கீழேயே இருக்க வேண்டியிருக்கிறது. முத்திரை கோணலாக இருந்தால் சந்தேகப்படாதீர்கள்.