அப்பா கோலுக்குப் பின்னால் நிற்கக் கூடாது

இந்த ஊரில் பந்து வெளியே போனால் அதன் பின்னால் யாரும் ஓடுவதில்லை. குளிரைப் பற்றியும், சாயங்காலம் ஆவதற்கு முன்பே விழும் இருட்டைப் பற்றியும் புறப்படும்போதே எல்லாரும் சொல்லி அனுப்பினார்கள். பந்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில் பிள்ளைகள் ஆடும் மைதானத்தில், கோட்டோரமாக ஒரு வலைப்பை நிறையப் பந்து வைத்திருக்கிறார்கள். ஒன்று வேலியைத் தாண்டினால் இன்னொன்றை எடுத்துப் போடுகிறார்கள். போன பந்து மேய விட்ட ஆடு மாதிரி அங்கேயே புல்லில் கிடக்கிறது. முதல் முறை நான் ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தேன். கோச்சாக இருக்கும் இளம்பெண் நன்றி சொன்னாள். இரண்டாவது முறையும் ஓடினேன். அப்போதும் நன்றி சொன்னாள், ஆனால் கொஞ்சம் கவலையோடு. அதற்கப்புறம் நான் ஓடவில்லை.

நான் இங்கிலாந்தின் வடக்கில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். என் மனைவி ஸ்டெல்லா நர்ஸ். அவளுக்கு இங்கே வேலை கிடைத்தபோது அவளுடைய பெட்டிகளோடு பெட்டியாக நானும் வந்தேன். பத்தாவது படித்தவன். அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே துணி வெளுக்கும் பிரிவில் இருக்கிறேன். அங்கே மெஷின் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. என்னைப் போல் கூச்சப்படுகிறவனுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. எங்கள் மகள் ஜெனி இங்கேயே பிறந்தவள், வயது பதினைந்து. பெண்கள் அணியில் கோல் கீப்பர். அவளால்தான் நான் வயதான காலத்தில் மறுபடியும் ஃபுட்பாலைப் பற்றி யோசிக்க வேண்டியதாயிற்று.

தொண்ணூற்றி ஒன்றில் எனக்குப் பதினெட்டு வயது. வல்லக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். இன்றைக்கு அங்கே இருக்கும் கம்பெனிகளில் ஒன்றுகூட அன்று கிடையாது, எல்லாம் நெல் வயல். ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் புதிதாக வந்திருந்த ஒரு சின்னக் கம்பெனியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் தினக்கூலிக்குப் போய்க்கொண்டிருந்தோம். கோடையில் ஏரி வற்றியதும் அதற்குள்ளேயே ஆட்டம். இரண்டு சவுக்குக் கழி நட்டால் கோல். மேலே குறுக்குக் கழி கிடையாது. அதனால் பந்து உயரமாகப் போனால் கோலா இல்லையா என்பதை எந்தக் கட்சி அதிகச் சத்தம் போடுகிறதோ அது முடிவு செய்யும். யாரிடமும் வாட்ச் இல்லை. ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து பஸ் எங்களை இறக்கி விட்டதும் ஆட்டம் தொடங்கும். பொழுது சாயும்போது நைட் ஷிப்டுக்கு ஆள் ஏற்ற அதே பஸ் ஏரிக்கரை மேல் வந்து ஹாரன் அடித்தால் ஆட்டம் முடிந்தது. பந்து கோலுக்குள் போய்க்கொண்டிருந்தாலும் முடிந்ததுதான்.

பந்து ஒன்றே ஒன்று. அதனால் ஒரு சட்டம் இருந்தது: அடித்தவன்தான் போய் எடுத்து வர வேண்டும். நான் பேக், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது பந்தைக் கரைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, சட்டப்படி நானே நடந்து போய் எடுத்து வருவேன். ஓட வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. எதிரே ஆடிய தண்டலம் பையன்கள் கொதித்துப் போவார்கள்.

"யோவ், இன்னா நடை இது? பொண்ணு பாக்கப் போறியா? சீக்கிரம் எட்த்தாய்யா, பஸ்ஸு வந்துரும்!"

கடைசியில் தாங்க முடியாமல் அவர்களே ஓடிப்போய் எங்களுக்காகப் பந்தை எடுத்து வந்து, துடைத்து, என் காலடியில் வைப்பார்கள். இவ்வளவு மரியாதையை அதற்குப் பிறகு நான் எங்கேயும் பார்க்கவில்லை.

இதைவிடப் பெரிய கலை ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் பேக் தன் காலால் திருப்பிக் கொடுக்கும் பந்தைக் கீப்பர் கையால் எடுக்கலாம். எங்கள் கீப்பர் ஏழுமலைதான் கேப்டனும். ஒரு கோல் போட்டுவிட்டால் அவன் என்னைப் பார்ப்பான். நான் பந்தை அவனுக்கு உருட்டுவேன். அவன் கையால் எடுத்து, தட்டிப் பார்த்து, வானத்தைப் பார்த்து, மறுபடி எனக்கே உருட்டுவான். நான் மறுபடி அவனுக்கு. யாராவது கிட்டே வந்தால் மட்டும் ஓங்கி ஓர் உதை. இரண்டு மாடு அசை போடுவதைப் போல அது பாட்டுக்கு நடக்கும்.

"டேய், நீங்க ரெண்டு பேருமே ஆடிக்கினு இருங்கடா, நாங்க வூட்டுக்குப் போயி சாப்ட்டு வர்றோம்" என்று ஒருவன் நிஜமாகவே கரையேறிப் போய் உட்கார்ந்தான்.

உலகம் முழுக்க இதையேதான் செய்துகொண்டிருந்தார்களாம். கொஞ்ச நாளில் கீப்பர் அப்படிக் கையால் எடுக்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. தங்களைப் பார்த்துத்தான் சட்டத்தை மாற்றினார்கள் என்று ஏழுமலை இன்றும் நம்புகிறான்.

இப்போது அவன் ஒரகடத்தில் ஒரு பெரிய கம்பெனியில் சூப்பர்வைசர். ஐரோப்பாவில் நடக்கும் ஆட்டமெல்லாம் செல்லில் பார்க்கிறான். ஐரோப்பாப் பக்கம் இருக்கும் நான் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் போட்டால் எனக்குப் பாடம் நடத்துவான்.

"மச்சான், நாம ஆடுனது ஃபுட்பாலாடா? மாடு வெரட்டிக்கினு இருந்தோம். இப்ப பாரு, கீப்பர்லேந்து ஆரம்பிச்சி இன்னா பாஸு, இன்னா கணக்கு! நம்ம கம்பெனி லைன் மாதிரிடா. பீஸு ஒருத்தன் கைல நிக்கவே கூடாது, போய்க்கினே இருக்கணும்."

"எல்லாம் ஃபேக்டரி மாதிரி ஆகிடுச்சின்ற?"

"அதான் சொல்றேன். சூப்பரா கீது!"

இங்கே மைதானத்தில் டெரிக் என்று ஒரு பெரியவர் வருவார். ஓய்வு பெற்ற தபால்காரர். அவருடைய பேத்தியும் ஜெனியின் அணியில் ஆடுகிறாள். இந்தியர்களுக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும் என்பது அவர் எண்ணம். அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் கோலுக்குப் பின்னால் தனியாக நிற்கும் என்னிடம் நடந்து வந்து, ஆஃப்சைடு என்றால் என்ன என்று தன் தொப்பியையும் கையுறையையும் தரையில் வைத்து விளக்குவார். எனக்குத் தெரியும் என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். கூச்சத்தில் சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து இப்போது எப்படிச் சொல்வது? விளக்கி முடித்ததும் பெருமூச்சு விடுவார். இப்போது ஆடுவது ஃபுட்பாலே இல்லை, அந்தக் காலத்தில் சேற்றில் புரண்டு ஆடுவோம், இப்போது எல்லாம் ஃபேக்டரி மாதிரி ஆகிவிட்டது என்பார். ஏழுமலை எந்த வார்த்தையைச் சொல்லிப் பாராட்டுகிறானோ, அதையே சொல்லி இவர் திட்டுகிறார். ஃபேக்டரியில் வேலை செய்தவனுக்கு அது பிடித்திருக்கிறது, செய்யாதவருக்குப் பிடிக்கவில்லை. இரண்டு பேரிடமும் நான் "ஆமாம்" என்றுதான் சொல்கிறேன்.

என் கட்சி எது என்று நீங்கள் கேட்டால், நேர்மையாகச் சொல்ல முயற்சி செய்கிறேன். இன்றைக்கு எல்லாருக்கும் பந்து கிடைக்கிறது. எங்கள் லெஃப்ட் விங்கில் ஆடிய சேகர் சில நாள் பந்தைத் தொடாமலேயே, சட்டை கசங்காமல் வீட்டுக்குப் போவான். ஆனால் இன்றைக்கு டிவியில் கோல் போட்டவன் சந்தோஷப்படக்கூட அனுமதிக்காகக் காத்திருக்கிறான். ஆஃப்சைடா என்று வீடியோவில் கோடு போட்டுப் பார்த்து, கால் நகம் வெட்டாதவனுக்குக் கோல் இல்லை என்கிறார்கள். எங்கள் ஏரியில் இந்தக் கோட்டைப் போட வந்தவனை உதைத்திருப்பார்கள். இதெல்லாம் சும்மா வாயடிக்கிற விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன், ஜெனி என்னை உட்கார வைத்துப் பேசும் வரை.

அணியில் இரண்டு கீப்பர்கள். மாவட்ட அணிக்கான தேர்வுக்கு ஒருத்தியைத்தான் அனுப்ப முடியும். கையால் பிடிப்பதில் ஜெனிதான் மேல். ஆனால் பந்து காலுக்கு வந்தால் பதறாமல் பக்கத்தில் இருப்பவளுக்குக் கொடுக்கிற கீப்பர்தான் வேண்டும் என்று கோச் சொல்லிவிட்டாள். ஜெனியோ சமீபமாக எல்லாப் பந்தையும் வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். வருகிற சனிக்கிழமை ஆட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகக் கோச் சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது ஜெனி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ப்பா, நாளைக்கு நீ கோலுக்குப் பின்னாடி நிக்காத."

"நான் இன்னா பண்ணேன்? வாயே தொறக்கறதில்லையே."

"வாய் தொறக்கல. உன் மூஞ்சி இருக்கே! பந்து எங்கிட்ட வரும்போது திரும்பிப் பாத்தா, வீடு இடிஞ்சு விழற மாதிரி நிக்கற. அதப் பாத்ததும் எனக்குக் கால் தானா கிக் பண்ணிடுது."

"ஆடும்போது நீ ஏன் திரும்பிப் பாக்குற?"

"நீ அங்க நிக்கறதாலதான்!"

ட்யூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஸ்டெல்லா சிரித்தாள். "பிரசவ வார்டுல சில புருஷனுங்கள வெளிய நிக்க வெப்போம். இதே மூஞ்சிக்குத்தான்" என்றாள்.

சப்பாத்தியைத் தேய்த்துக்கொண்டே யோசித்தேன். கோலுக்குப் பின்னால் நான் நிற்பதற்குக் காரணமே அங்கே வேறு யாரும் நிற்பதில்லை என்பதுதான். கோட்டோரம் போனால் மற்ற அப்பா அம்மாக்கள் இருப்பார்கள், வானிலையைப் பற்றிப் பேச வேண்டும். ஆனால் அவளுக்கு அந்த இடம் கிடைக்காமல் போனால் அது என் மூஞ்சியால்தான் என்று ஆகிவிடும். நான் கற்ற ஃபுட்பால் இரண்டே விஷயம்: கீப்பர் கையில் கொடு, இல்லையென்றால் உதைத்து அனுப்பு. முதலாவது சட்டவிரோதம். இரண்டாவது என் மகளின் வாய்ப்பைத் தின்றுகொண்டிருந்தது.

சனிக்கிழமை கோட்டோரம் போய் டெரிக் பக்கத்தில் நின்றேன். அவர் சந்தோஷப்பட்டு, ஆஃப்சைடை எல்லாருக்கும் முன்னால் ஒரு முறை விளக்கினார். ஜெனியிடம் பந்து போகும்போதெல்லாம் நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன். இரண்டு மூன்று முறைக்குப் பிறகு டெரிக் என் ஷூவை உற்றுப் பார்த்து, நல்ல கடை ஒன்று சொல்லட்டுமா என்று கேட்டார். பரவாயில்லை, திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் இருப்பவளுக்கே கொடுக்கிறாள் என்று கைதட்டலை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது பாதியில் மழை தூறியது. எங்கள் அணி ஒரு கோல் முன்னால். நான் லேஸைக் கட்டிக்கொண்டிருந்தபோது திடீரென்று கோட்டோரம் முழுக்க அமைதியாகிவிட்டது. நிமிர்ந்தேன். ஈரப் பந்து ஜெனியின் காலடியில். எதிரணிப் பெண்கள் இரண்டு பேர் அவளை நோக்கி ஓடி வருகிறார்கள். அவள் அசையாமல் நிற்கிறாள், யாருக்கோ காத்திருப்பவள் மாதிரி. இந்த நாட்டில் இத்தனை வருஷமாக நான் போடாத சத்தமெல்லாம் சேர்ந்து ஒன்றாக வெளியே வந்தது.

"தூக்கி அடிடீ!"

மைதானமே என் பக்கம் திரும்பியது. ஜெனி திரும்பவில்லை. ஓடி வந்தவள் கைக்கெட்டும் தூரம் வரும் வரை நின்று, பந்தை உள்ளங்காலால் பின்னுக்கு இழுத்து, இடது பக்கம் இருந்த பெண்ணுக்கு மெதுவாகத் தள்ளினாள். ஓடி வந்த இரண்டு பேரும் வெறும் சேற்றில் சறுக்கிக்கொண்டு போனார்கள். கோட்டோரம் ஆரவாரம். டெரிக்கே கைதட்டினார்.

"இப்போது என்ன கத்தினீர்கள்?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த அம்மாக்களும் ஆவலோடு பார்த்தார்கள். முகம் சுட்டது. பயந்து போய்க் கத்தினேன், அவள் செய்ததற்கு நேர் எதிரானதைச் செய்யச் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது?

"எங்கள் ஊரில் உற்சாகப்படுத்த அப்படிக் கத்துவோம்" என்றேன்.

அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. டெரிக் இரண்டு முறை மெல்லச் சொல்லிப் பழகினார். அடுத்த முறை ஜெனியின் காலுக்குப் பந்து போனதும், தபால்காரர் குரலில், தெருவே கேட்கும்படி, "தூக்கி அடிடீ!" என்றார். அதற்கடுத்த முறை மூன்று அம்மாக்களும் சேர்ந்துகொண்டார்கள். அங்கே என்னைத் தவிரத் தமிழ் தெரிந்த ஒரே ஆள் கோலில் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் கையை வைத்துக் குனிந்து, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டே பந்தைப் பக்கத்தில் இருப்பவளுக்குக் கொடுத்தாள். சிரிக்கிறவளுக்குப் பதற்றம் எங்கே இருந்து வரும்?

ஆட்டம் முடிந்ததும் தேர்வுக்கு ஜெனியின் பெயரைக் கோச் சொன்னாள். நெருக்கடியில் சிரிக்கக்கூடிய கீப்பரைத் தான் இதற்கு முன் பார்த்ததில்லை என்றாளாம். காரில் வரும்போது ஜெனி, "ப்பா, அவங்களுக்கு உண்மைய மட்டும் சொல்லிடாத" என்றாள். ஏழுமலையிடம் சொன்னேன். போனுக்கு அந்தப் பக்கம் அவன் சிரித்த சிரிப்பில், அவன் வீட்டில் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள்.

இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் கோட்டோரம்தான் நிற்கிறேன். நான் முதலில் கத்த வேண்டும் என்று காத்திருக்கிறார்கள். அது என்னுடையதாம். கத்துகிறேன். பின்னாலேயே எல்லாரும் கத்துகிறார்கள். அவர்கள் பாராட்டுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான் அதை நிஜமாகவே சொல்கிறேன். ஒரு முறைகூட அவள் கேட்பதில்லை, பந்து பத்திரமாகப் பக்கத்துக் காலுக்குப் போய்விடுகிறது. என் வாய் மூடுவதற்குள் என் கைகள் தட்டத் தொடங்கிவிடுகின்றன.